ரகு ஒட்டிய விமானம்

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பிளாஸ்டிக்கின் மேல் தேய்க்கும்போது வருவது, பூனை கிண்ணத்தை நக்குவதுபோல ஒரு சின்னச் சத்தம்தான். ஆனால் அதைக் கேட்டால் எனக்கு இன்றும் பல் கூசும். அந்தச் சத்தத்தோடு ஒரு கடிகாரக் கடையின் பின்னறையும், அங்கே ஜன்னல் வழியே விழுந்த வெயிலும், குனிந்து வேலை செய்யும் ரகு என்ற பையனின் முதுகும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில், புடவையின் உடலும் கரையும் சேரும் "கோர்வை"க்கு மறுபக்கம் உட்கார்ந்து, ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கோடை விடுமுறையிலேயே அப்பா என்னை உட்கார வைத்துவிட்டார். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த யூனுஸ், ஜூன் மாதம் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேரப் போகிறான் என்று தெரிந்தது. அந்தப் பள்ளியில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவன் ரகு, யூனுஸின் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த குமாஸ்தா வீட்டுப் பையன். பள்ளி திறப்பதற்குள் யூனுஸை நான் பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால் அவன் ரகுவுக்குப் போய்விடுவான் என்ற பயம் எனக்கு அந்தக் கோடை முழுவதும் இருந்தது.

யூனுஸின் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தார். எந்தத் துறைமுகத்திலோ, யாரோ வாங்கி வைத்துப் பிரிக்காமல் விட்ட ஒரு பழைய அட்டைப் பெட்டியை அவர் மருமகனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மூடியில் மேகத்துக்கு நடுவே ஒரு போர் விமானம்; உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கை, வால், சக்கரம் எல்லாம் காய் பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துப் பசையால் ஒட்ட வேண்டும். செய்முறைத் தாள் முழுக்க இங்கிலீஷ். அதனால் ரகு கூப்பிடப்பட்டான். மத்தியானம் அப்பா கண் அசரும் நேரத்தில் யூனுஸின் அப்பா வைத்திருந்த கடிகாரக் கடைக்கு நான் ஓடிப்போய்ப் பார்த்தால், பின்னறையில் யூனுஸ் ரகுவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு தாளைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெஞ்சில் என் தோளில் வைத்த அதே தாடை.

ஆனால் பாகங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. பழைய பெட்டி, எத்தனை வெயிலைப் பார்த்ததோ, விமான உடலின் இரண்டு பாதிகளில் ஒன்று வாழைக்காய்போல வளைந்திருந்தது. மூக்கைச் சேர்த்தால் வால் பிளந்தது, வாலைச் சேர்த்தால் மூக்கு பிளந்தது. இறக்கையை வைத்துப் பார்த்தால் உடலுக்கும் அதற்கும் நடுவில் தீக்குச்சி போகிற சந்து. தாளில் இதற்கு வழி எதுவும் சொல்லவில்லை என்று ரகு நான்கைந்து முறை படித்துவிட்டுச் சொன்னபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுதினால் நன்றாக இருக்காது.

"கொஞ்சம் வுடுபா, நா இறுக்கித் தரேன்" என்றேன்.

நான் வேறென்ன கண்டேன்? தறியில் அப்பா நாளெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "இழுத்துப் புடிடா, தொளதொளன்னு இருந்தா கோர்வை நிக்காது." மறுநாள் வீட்டிலிருந்து அரக்குப் பட்டு நூல் கொஞ்சம் கொண்டுபோனேன். இரண்டு பாதிகளுக்கும் பசை தடவிச் சேர்த்து, மூக்கிலிருந்து வால் வரைக்கும் நூலை நெருக்கமாகச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டேன். பிளந்த இடமெல்லாம் வாயை மூடிக்கொண்டது.

"டேய், ஏரோப்ளேனு கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குதுடா!" என்று யூனுஸ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ரகு தாளை மடித்தான். அன்று சாயந்திரம் நான் நாடா தள்ளிய வேகத்தைப் பார்த்து அப்பாவே "இன்னாடா ஆச்சு உனுக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் நூலைப் பிரிக்கப் பார்த்தோம். அது வரவில்லை. அந்தப் பசை பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டுகிற பசை. அது நூலுக்கு அடியில் கசிந்து ஓடி, இளகின பிளாஸ்டிக்கில் நூலைப் புதைத்துவிட்டிருந்தது. பிய்த்து எடுத்த இடமெல்லாம் வளையம் வளையமாகப் பள்ளம், பள்ளத்தில் அரக்குச் சாயம்.

"பார்றா, ஏரோப்ளேனுக்கே பார்டர் போட்டுட்டாரு முதலியாரு!" என்றான் ரகு, என்னைக் காட்டி. யூனுஸ் சிரித்தான். அழுதிருந்தாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு ரகு செய்ததை நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். போர்டு எழுதும் அவன் சித்தப்பாவிடமிருந்து சின்னப் புட்டியில் தின்னர் வாங்கிவந்தான். பாகங்களைக் கிள்ளியபின் மிஞ்சிய சட்டத்தைச் சீவி அதில் போட்டு ஊறவிட்டான். அது கரைந்து தோசை மாவுபோல ஆனது. அதே பிளாஸ்டிக், அதே நிறம். அதைக் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பள்ளங்களில் அடைத்தான். இறக்கைச் சந்துக்குத்தான் மாவு வைப்பான் என்று நினைத்தேன், வைக்கவில்லை. விமானத்தின் அடிப்பக்கத்தில் இறக்கை உட்காருவதற்காகத் திறந்திருந்த வாய் வழியே, ஒரு சட்டத் துண்டை அளவாக நறுக்கி உடலுக்குள் குறுக்கே முட்டுக் கொடுத்தான். உடல் இரண்டு பக்கமும் ஒரு நெல் அளவு அகன்று, இறக்கையைப் போய்த் தொட்டது. சந்து இல்லை.

நான் வெளியிலிருந்து இறுக்கினேன். அவன் உள்ளேயிருந்து அகட்டினான். ஏன் எனக்கு அது தோன்றவில்லை என்று அன்றும் கேட்டுக்கொண்டேன், இன்றும் கேட்டுக்கொள்கிறேன். அவன் கெட்டவனில்லை. "நீ தேச்சிக் குடுபா" என்று உப்புத்தாளை என் கையில் கொடுத்தவனும் அவன்தான். அவன் அடைத்த இடங்களை நான் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க என் நூல் போன தடம் மறைந்து, அவன் வேலை வழவழவென்று மேலே வந்தது.

கருடசேவை நாளில் அந்த விமானம் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. கூரம், மாகறல் பக்கமிருந்து வந்த ஜனங்கள் சாமி பார்த்துத் திரும்பும் வழியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நம்ம ரகு தம்பி பண்ணதும்மா, எவ்ளோ மூளை பாருங்க" என்று யூனுஸின் அப்பா எல்லோரிடமும் சொன்னார். நான் எதிர்ப்பக்கம் பந்தலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ரிக்ஷாவில் பள்ளிக்குப் போனார்கள்.

அந்தக் கடிகாரக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் யூனுஸ் செல்போன் கடை வைத்திருக்கிறான். கண்ணாடிப் பெட்டி போயிற்று, இடித்துக் கட்டும்போது விமானமும் எங்கோ போயிற்று. எங்கள் வீட்டில் தறி இருந்த குழி சிமென்ட் போட்டு மூடப்பட்டு, அதன்மேல் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறேன். போன வருடம் மகள் எதையோ பேசும்போது இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அதே மாதிரி ஒரு பழைய பெட்டியை எங்கோ தேடிப் பிடித்து வரவழைத்துக் கொடுத்தாள். வேலை இல்லாத நேரங்களில் ஒட்டினேன். அதிலும் இறக்கை சேரவில்லை. தின்னரில் சட்டத்தைக் கரைத்தேன், உள்ளே முட்டுக் கொடுத்தேன், நானே அடைத்து நானே தேய்த்தேன். கடைசியாகச் சக்கரத்தையும் ஒட்டிக் காயவைத்திருந்த அன்றுதான் யூனுஸ் ஸ்கூட்டருக்கு சீட் போட வந்தான்.

விமானத்தைத் தூக்கி, இறக்கை சேரும் இடத்தில் கட்டைவிரலால் தடவினான்.

"இன்னாபா இது, சந்தே தெரியல! அப்படியே ரகு கை வச்ச மாதிரி இருக்குது" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அவனுக்குத் தெரிந்த பெரிய பாராட்டு அதுதான். "அவன் நம்பரு எங்கிட்ட இருக்குது, வாரத்துக்கு ஒரு தபா பேசிக்கினுதான் இருக்கறோம். போட்டோ எடுத்து அனுப்பட்டுமா? பாத்தான்னா குஷியாயிடுவான்."

போனை எடுத்துவிட்டான். நான் அவன் கையிலிருந்து விமானத்தை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தேன்.

"இன்னும் முடியலபா" என்று சொல்லி, ஒரு ரெக்சின் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினேன்.