இந்தப் பக்கம் மேலே

காலை பத்து மணிக்கு நான் வேலை செய்யும் கோப்பித் தொழிற்சாலையில் ஒரு சத்தம் கேட்கும். நன்றாகப் படித்த, இஸ்திரி போட்ட சட்டை அணிந்த ஆறு ஜெர்மன்காரர்கள் மேசையைச் சுற்றி நின்று, கரண்டியில் கோப்பியை அள்ளி, அடைத்த குழாய் திறந்துகொண்டது போல 'ஸ்ர்ர்ர்ப்' என்று உறிஞ்சுவார்கள். அப்படி உறிஞ்சினால்தான் ருசி பிடிபடுமாம். பக்கத்தில் பொதி கட்டிக்கொண்டு நிற்கும் எனக்குப் பத்தொன்பது வருடமாக இது வயிற்றெரிச்சல். நான் ஜெர்மனியின் பான் நகருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மா கேக் சாப்பிடக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி குடிக்கும் அதே நேர்மையோடு அவருடைய கோப்பியை உறிஞ்சினேன். மேசையிலிருந்த அத்தனை முள்ளுக்கரண்டிகளும் அந்தரத்தில் நின்றன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே அதுதான் பெரிய ஏச்சு. அன்றிலிருந்து சூடான எதையும் அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.

போன வசந்தத்தில் எங்கள் தொழிற்சாலைக் கூடத்தில் ஒரு பரிஸ்டாப் போட்டி, அதாவது கோப்பி போட்டுப் பரிமாறும் போட்டி, வைத்தார்கள். ஆபிரிக்காவில் கோப்பி விளையும் நாடுகளிலிருந்து இங்கே பயிற்சிக்கு வந்திருந்த இளையோருக்கான போட்டி. முதல் பரிசு ஒரு எஸ்பிரெசோ மெஷின். வென்றவரின் ஊருக்கே அனுப்பி வைப்பார்கள். எனக்குக் கதிரை அடுக்கும் வேலை. ஆனால் நான்கு நடுவர்களில் ஒருவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். தானும் ஒரு நடுவரான மேலாளர் கார்லா நேராக என்னிடம் வந்தார்.

"சிவா, நீ போய் உட்கார்."

"நான் பொதி கட்டுகிறவன்."

"பத்தொன்பது வருடமாகக் கோப்பிக்குள் நிற்கிறாய். போதும்."

கழிப்பறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டு மகளுக்குப் போன் எடுத்தேன். துளசி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என் மேசைப் பழக்கங்களைத் திருத்துவதில் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவை விடக் கண்டிப்பானவள்.

"பிள்ளை, என்னை நடுவராப் போட்டிட்டினம்."

"நல்ல விஷயம்தானே அப்பா. ஒண்டு மட்டும், ப்ளீஸ், உறிஞ்சாதேங்கோ."

"இஞ்ச உறிஞ்சத்தான் வேணுமாம்!"

"ஐயோ, அப்ப அவையின்ர கெட்டகாலம்" என்று சிரித்தாள்.

முதலாவதாக மேடைக்கு வந்தவள் நகாட்டோ. உகண்டாவில் மசாக்கா என்ற ஊர்க்காரி, இருபத்திரண்டு வயது. பதினைந்து நிமிடத்துக்குள் கோப்பி போட்டு, பரிமாறி, அதைப் பற்றிப் பேசியும் முடிக்கவேண்டும். பிந்தினால் புள்ளி போகும். கை வேலை செய்ய, வாய் தடுமாறாமல் ஜெர்மனில் பேசினாள். "எங்கள் வீட்டைச் சுற்றிக் கோப்பி மரம். வீட்டுக்குள் தேநீர். கோப்பி வெளிநாட்டுக்காரர் குடிப்பது என்று அப்பா நினைத்திருந்தார். இப்போது எங்கள் தலைநகர் கம்பாலாவில் பரிஸ்டாப் போட்டி நடந்தால் உதைபந்தாட்டம் போல எங்கள் வயதுக்காரர் கத்துகிறார்கள். மசாக்கா டாக்சி நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. மெஷின்தான் இல்லை."

இதைக் கேட்டிருக்கவே கூடாது. ஒரு முழுக் கடையும் என் நாக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கோப்பையை எடுத்துப் பயத்தோடு, சத்தமில்லாமல் ஒரு வாய் குடித்தேன். பக்கத்திலிருந்த கார்லா காதருகே குனிந்தார். "சத்தம் எங்கே?"

அவ்வளவுதான். இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்த உறிஞ்சலெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. பாதி மூச்சுக்குழாய்க்குள் போனது. மீதி நகாட்டோவின் வெள்ளை மேசை விரிப்பிலும் கார்லாவின் புள்ளித் தாளிலும். இருமினேன், கண்ணீர் வந்தது, கூடமே எழுந்து நின்றது. கோப்பி வாயில் வைக்க முடியாதது என்றல்லவா எல்லோரும் நினைப்பார்கள்? அந்தப் பெண்ணின் மெஷினைத் துப்பித் தொலைத்துவிட்டேனே! நாளைக்கு வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும், நாட்டை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று அந்த நிலையிலும் மூளை கணக்குப் போட்டது. நான் ஜெர்மன் குடியுரிமை எடுத்துப் பதினொரு வருடம் என்பதை அதே மூளை மறந்துவிட்டது.

நகாட்டோவின் முகம் ஒரு கணம் வாடியது. கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்க் குவளையை என் கைக்குள் வைத்தாள்.

"மெதுவாக, ஐயா. கோப்பி ஓடிப்போகாது. ஓடவேண்டியது நான்தான்."

கூடம் சிரித்தது. அவள் விரிப்பை ஒரு மடிப்பு மடித்துக் கறையை மறைத்தாள். பேச்சை நிறுத்தாமலே எனக்குப் புதிதாக ஒரு கோப்பை போட்டாள். அதை என் முன்னால் வைத்து அவள் கையை எடுக்கவும் மணி அடித்தது. இரண்டாவது தடவை சரியாக உறிஞ்சினேன். உண்மையைச் சொல்கிறேன், என்ன ருசி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றாக இருந்தது. இன்னும் வேண்டும் போலிருந்தது. பிறகு வந்தவர்களின் கோப்பிக்கு அந்த ஆசை வரவில்லை.

பின்னேரம் நகாட்டோ வென்றாள். என் இருமலால் வென்றாளா, இருமலை மீறி வென்றாளா என்று கார்லாவிடம் கேட்டேன். "உன் சத்தத்துக்குப் புள்ளி இல்லை. உன்னை அவள் சமாளித்ததற்கு உண்டு" என்றார்.

அந்த மெஷினை மரப்பெட்டியில் அடைத்தது நான்தான். 'இந்தப் பக்கம் மேலே' என்று ஒரு பலகையில் ஜெர்மனில் எழுதினேன், அடுத்ததில் ஆங்கிலத்தில். வருடா வருடம் யாழ்ப்பாணத்துக்குப் பெட்டி கட்டிப் பழகிய கை, மூன்றாவது பலகையில் தானாகவே தமிழில் எழுதிவிட்டது. அழிக்க மனம் வரவில்லை. பெட்டி வந்து சேர்ந்ததும் சொல்லச் சொல்லி என் போன் நம்பரை நகாட்டோவிடம் கொடுத்தேன். பெட்டி போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து, வேலைக்குப் போகும் டிராமில் இருந்தபோது நகாட்டோவிடமிருந்து வட்சப்பில் ஒரு படம் வந்தது. சின்னக் கடை, பளபளக்கும் மெஷின், அதைச் சுற்றி கோப்பையும் கையுமாக ஒரு கூட்டம். அவளுக்குப் பின்னால் சுவரில், பெட்டியின் தமிழ்ப் பலகை ஆணியடித்து மாட்டியிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "உங்கள் எழுத்து அழகு. என்னவென்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஆசீர்வாதம் என்கிறேன்."

பலகையைத் தலைகீழாக மாட்டியிருந்தாள்.

சொல்லலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை. "அழகாக இருக்கிறது" என்று மட்டும் பதில் போட்டேன். பிறகு போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். 'இந்தப் பக்கம் மேலே' என்று என் தமிழ் நேராக நின்றது. மசாக்கா முழுவதும், சிந்தாத கோப்பைகளோடு, கூரையிலிருந்து தொங்கிச் சிரித்தது. மறுபடி திருப்பினேன். அவர்கள் தரையில் நின்றார்கள், என் தமிழ் தலைகீழாகத் தொங்கியது. நான் இறங்கவேண்டிய இடம் வந்து கதவு திறந்து மூடியது. நான் இன்னும் திருப்பிக்கொண்டிருந்தேன்.