பலெர்மோவில் சுழலும் மேசையும் ஒரு மீனும்

நேப்பிள்ஸில் ஏறிய கப்பல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என்னைப் பலெர்மோவில் இறக்கிவிட்டது. 1996 செப்டம்பர். வெயில் அப்போதே சுள்ளென்றிருந்தது. ஹாங்காங்கில் மூன்று வருடம் வேலை பார்த்ததிலிருந்து, போகிற ஊரிலெல்லாம் கான்டனீஸ் சாப்பாடு தேடுவது எனக்கு ஒரு வியாதி. மதியமே ரயில் நிலையத்தருகே 4,500 லிராவுக்குக் ‘கான்டன் சோறு’ வாங்கினேன். பட்டாணி, முட்டை, பன்றி இறைச்சித் துண்டுகள். இத்தாலிய முறைப்படி சோறு முதலில் தனியாக வந்தது. அதை முடித்த பிறகுதான் கறி. அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

தங்கியது நகரின் பிரான்காச்சோ பகுதியில், மன்னார்க்காரர் செபஸ்தியானின் அடுக்குமாடி வீட்டில். அவரும் மனைவி ரெஜினாவும் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள். மாலைத் தேநீரின்போது செபஸ்தியான் சொன்னார்: “நாளைக்குச் சீனக் கடைக்கு எங்களோடை வாங்கோ அண்ணை. நீங்கள் ஹாங்காங்கிலை இருந்தனீங்கள் எல்லோ, சாப்பாட்டை நீங்களே சொல்லுங்கோ.”

விஷயம் சாப்பாடு மட்டுமில்லை. அவர்கள் மகளும் யாழ்ப்பாணத்துக் கந்தையாவின் மகனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். கந்தையா சம்மதிக்க வேண்டும்.

“எங்கடை வீட்டிலை அவர் தண்ணியும் குடிக்கமாட்டார்,” என்றார் ரெஜினா. “நாங்கள் வேதக்காரர். சாதியும் வேறை. பொதுவான இடம் எண்டால் வாறன் எண்டவர்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை கடல் தாண்டி வந்தும் இதையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்களே.

ஞாயிறு பூசை முடிந்து பேருந்தில் கால்சா என்ற பழைய பகுதிக்குப் போனோம். துறைமுகத்திலிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். சின்னக் கடை, சமையற்காரர் அசல் கான்டன்காரர். என் ஓட்டைக் கான்டனீஸைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்த முழு மீன், கீரை, வெள்ளைச் சோறு, எல்லாம் ஒன்றாக வரவேண்டும் என்றேன். மீனுக்கு மட்டும் 32,000 லிரா.

கந்தையா சலவைச் சட்டையில் வந்தார். மனைவி ஊரில்; அவர் மட்டும் தனியாக. மேசை நடுவே சுழலும் கண்ணாடித் தட்டு. நாலு பேரும் மழையைப் பற்றியும் வதிவிட அனுமதிக்காக குவெஸ்தூரா போலீஸ் அலுவலகத்தில் நிற்கும் வரிசையைப் பற்றியும் கதைத்தோம். பிள்ளைகளின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

மீன் வந்தது. கந்தையா கண்ணாடியைச் சுழற்றித் தன் பக்கம் கொண்டுவந்து, தானே கொஞ்சம் எடுத்துக்கொண்டார். இந்த மேசையில் யாரும் யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை. அவருக்கு இது மெத்த வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் ரெஜினாவிடம் போனது. அவர் கரண்டியை எடுத்தார்.

“அண்ணை, இன்னும் கொஞ்சம் போடட்டே?”

செபஸ்தியான் தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கந்தையா கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தினார். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு தன் தட்டை எடுத்து, மேசைக்குக் குறுக்கே ரெஜினாவிடம் நீட்டினார்.

“ஓம், போடுங்கோ தங்கச்சி. வயித்துப் பக்கம்.” ரெஜினா முள் எடுத்து முடிக்கும்வரை தட்டைப் பிடித்தபடியே இருந்தார். வாயில் வைத்த பிறகுதான் சொன்னார்: “எங்கடை பெடியனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.”

திங்கள் மாலை கப்பலேறினேன். எங்கள் சென்னைச் சீன உணவகங்களிலும் அப்படிச் சுழலும் மேசை உண்டு. நாங்கள் அதை விளையாட்டுக்குச் சுற்றுவோம். கான்டனீஸ் சாப்பாட்டுக்காகப் பலெர்மோ போகலாமா என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மீன் கொஞ்சம் அதிகமாக வெந்திருந்தது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், இரண்டு முறையும் ரெஜினா கையால்.