ஏலக்காய் போடாத கூழ்

1979 ஐப்பசி. நான் போடியில் ஏலக்காய் வியாபாரி. இரண்டு வயது மகள் எதைக் கொடுத்தாலும் துப்பினாள். விலா எலும்பு தெரிந்தது. கேப்பைக்கூழ், பருப்புச்சோறு என்று துப்பியதையெல்லாம் தேதி போட்டு எழுதினேன். அந்த நோட்டைக் காட்டியே மனைவியைத் தினமும் திட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டில் ஏலக்காய் தரம் பிரிக்க வந்த, பக்கத்துச் சிலமலை கிராமத்துப் பெண், தன் தூக்குவாளியிலிருந்த கூழை மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு ஊட்டுற?" என்று கத்தினேன்.

"கத்தாதீகண்ணே, பிள்ள திங்குது. ஏலக்கா யாவாரின்னா கூழுலயும் பருப்புச் சோத்துலயுமா தட்டிப் போடுவாக? ஒருநா அது இல்லாமக் குடுத்துப் பாத்தீகளா?"

மகள் அடுத்த வாய்க்கு ஆவென்று திறந்தாள்.

எல்லாவற்றிலும் ஏலக்காய் போடச் சொன்னவன் நான். வேண்டாமென்ற மனைவியின் வாயை அடைத்தவனும் நான்தான். நோட்டில் அது மட்டும் இல்லை. இன்று அந்த நோட்டைப் புரட்டினாலும் என்மேல்தான் ஆத்திரம் பொங்குகிறது.