முனுசாமி தெரிந்தே நிறுத்திய மெஷின்

தொழிற்சாலை வாசலுக்கு எதிரே டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்தவனுக்கு, ஆளைக் குற்றம் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை சொல் உண்டு என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும். மெமோ வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ராசியான காகிதம்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் என் வேலை, தொழிலாளிகளிடம் விளக்கம் கேட்டு நிர்வாகம் கொடுக்கும் மெமோவைப் படித்துச் சொல்லி, பதில் அடித்துக் கொடுப்பது. 'நெக்லிஜென்ஸ்' என்றால் கவனக்குறைவு, எச்சரிக்கையோடு போகும். 'வில்ஃபுல்' என்றால் வேண்டுமென்றே செய்தது, வேலையே போகும். அதனால் எந்தக் குற்றச்சாட்டு வந்தாலும், 'கவனக்குறைவால் நேர்ந்தது, மன்னிக்கவும்' என்று ஒரே பதில்தான். மாதிரி ஒன்று மேஜையிலேயே இருக்கும். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்ஸில் இரண்டு விரலை இழந்த ஏழுமலைக்கும் மெமோ வந்தது. கட்டுப்போட்ட கையோடு வந்து அவர் கேட்டார்: "எல்லாருக்கும் அடிப்பீங்களே சார், அத்தயே அடிங்க. ராசியா கீதாம்."

மூன்று சொல் மெமோ

அடுத்த மாதம் அதே பிரஸ்ஸில் முனுசாமியைப் போட்டார்கள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று, கையைக் காக்கும் தடுப்பை ஃபோர்மேன் கழற்றி வைத்திருந்தார். முனுசாமி மெஷினை நிறுத்திவிட்டு ஷிப்ட் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மெமோவில் வில்ஃபுல், தெரிந்தே செய்தது என்னும் டெலிபரேட், அடம்பிடிப்பது என்னும் அப்ஸ்டினேட் மூன்றும் இருந்தன. வேலை நிரந்தரமாக அவருக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

வழக்கமான காகிதத்தை எடுத்தேன். படித்துக் காட்டச் சொன்னார். தெரியாமல் நின்றுவிட்டது என்று எழுதினால்தான் வேலை தங்கும் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"தெரிஞ்சிதான் சார் நிறுத்தினேன், அப்டியே போடுங்க. ஏழுமலை விரலு போனதுக்கும் இந்தக் காயிதம்தானே அடிச்சிக் குடுத்தீங்க?"

விசாரணை

நான் அடித்தது இரண்டே வரி: 'வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். தடுப்பு மாட்டும்வரை மறுபடியும் நிறுத்துவேன்.'

மெட்ராஸிலிருந்து வந்த விசாரணை அதிகாரி அதை இரண்டு முறை படித்தாராம். பிறகு ஃபோர்மேனிடம், தடுப்பு எங்கே என்று மட்டும் கேட்டாராம். ஸ்டோருக்குப் பின்னால், பழைய சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. அன்றைக்கே மாட்டினார்கள். முனுசாமியின் வேலை தப்பியது. ஆனாலும் நிர்வாகம் சும்மா விடுமா? ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அதில் 'ஸ்டப்பர்ன்' என்று புதிதாக ஒரு சொல்.

பிடிவாதக்காரன் என்று எழுதியிருக்கிறார்கள், பதில் அடிக்கட்டுமா என்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வாணாம் சார். அது நெசம்தான், எங்க ஊட்லயே சொல்லுவாங்க."

ராசியான காகிதத்தை அன்றே கிழித்துப் போட்டேன். இத்தனை வருஷம் அடித்த ஆங்கிலத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இரண்டு வரிதான் தேறுகிறது, அதுவும் இன்னொருவருடைய பிடிவாதம்.