எண்ணூர் ஸ்டேஷனில் பறிபோன பாக்தாத்

எண்ணூருக்கு ஜனங்கள் காற்று வாங்கப் போவார்கள். நான் என் மகளின் படிப்புக்காக வாதாடப் போனேன். போன வருஷம், நபி பிறந்த மீலாது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு நான் பட்ட பாடு உதவட்டும்.

மகள் மெஹருன்னிஸா எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். எங்கள் ராயபுரம் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி, மரமண்டிக்கும் எண்ணூர் உப்பளத்துக்கும் முதலாளி, "பொட்டப்புள்ளைக்கு எட்டு போதும் பாய்" என்றார். நானும் எட்டுதான், அதுவும் இரண்டு தடவை எழுதி. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "படிக்கிறது தப்புன்னு நம்ம சரித்திரத்துல எங்க கீது? காட்டுங்க" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "எண்ணூர் மீலாது கூட்டத்துக்கு நான்தான் தலைவர். நீயே வந்து அந்த சரித்திரத்த பேசு. ஜனம் ஒத்துக்கினா அனுப்பு. இல்லாட்டி பொண்ணு வூட்ல இருக்கட்டும்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சரித்திரமே தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

மூன்று வாரம் படித்தோம். அதாவது, புத்தகங்களைச் சுமந்து வந்தது நான், படித்தது மெஹரு. பாக்தாத் நகரத்து ஞானி ஒருவரைப் பற்றிப் பத்துத் தாளில் குறிப்பு எழுதித் தந்தாள்.

ராயபுரத்தில் 3.20 வண்டி 3.45க்கு வந்தது. டிக்கெட் தலைக்கு மூன்றணா. ஏறக்குறைய ஒன்பது மைல், முக்கால் மணி நேரம். என்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டியில் வெள்ளைச் சட்டையோடு ஏறாதீர்கள். தண்டையார்ப்பேட்டை வருவதற்குள் என் சட்டை கரிமூட்டை சுமந்தவன் சட்டை மாதிரி ஆகிவிட்டது. திருவொற்றியூர் தாண்டினால் சவுக்குத் தோப்பும் உப்பளமும். வலதுபக்க ஜன்னல் நல்லது.

எண்ணூரில் இறங்கி ஆறணாவுக்கு ஜட்கா குதிரைவண்டி பேசினோம். முகத்துவாரக்குப்பம் போகும் வழியில் பள்ளிவாசல், இரண்டு மைல்.

"இன்னா பாய், மாப்ள வூட்டுக்கா?" என்றார் வண்டிக்காரர்.

"இல்லப்பா. கூட்டத்துல பேச."

"நீயா? நான் பாப்பாதான் பேசும்னு நெனச்சேன். ஏறுனதுலேர்ந்து அதுதான பேசிக்கினு வருது!"

குறிப்பைப் பார்க்கலாம் என்று பையில் கையை விட்டேன். பை காலி. துறைமுக வாசலில் காக்கிச் சட்டை கை நீட்டினால், கேட் பாஸைக் காகிதக் கட்டோடு கொடுத்துவிட்டு நடப்பது என் பதினாறு வருஷப் பழக்கம். டிக்கெட் இரண்டையும் அந்தப் பத்துத் தாளுக்குள்தான் மடித்து வைத்திருந்தேன். எண்ணூர் ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் கை நீட்டினார். மொத்தத்தையும் கொடுத்துவிட்டு ராஜா மாதிரி வெளியே வந்திருக்கிறேன்.

"திரும்புனா லேட்டாயிடும் நைனா" என்றார் வண்டிக்காரர்.

மெஹரு சிரித்தாள். "அத்தா, அந்த பாக்தாத் ஞானிக்கும் இதேதான். கொள்ளைக்காரங்க குறிப்பெல்லாம் புடுங்கிக்கினாங்க. காகிதத்தோட போயிடற அறிவு இன்னா அறிவுன்னு அவங்க தலைவன் சிரிச்சான். அப்புறம் அவரு மூணு வருஷம் உக்காந்து மனப்பாடம் பண்ணாரு."

"நமக்கு இருபது நிமிஷம்தான்டி கீது!"

அஸர் என்னும் மாலைத் தொழுகை முடிந்து ஓலைக் கொட்டகையில் நூறு பேர் இருந்தார்கள். பாதிப்பேர் முத்தவல்லியின் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். குப்பத்து மீனவர்களும் வந்திருந்தார்கள். நான் எழுந்து சலாம் சொன்னேன். அதோடு என் பாக்தாத் முடிந்துவிட்டது. "மீதிய என் பொண்ணு சொல்லும்" என்றேன்.

"சபைல பொம்பளப்புள்ள பேசறதா?" என்று முத்தவல்லி எழுந்தார்.

பின்னாலிருந்து ஒரு மீனவர் குரல் கொடுத்தார்: "பாப்பா பேசட்டும் முதலாளி. கேக்கத்தான வந்துகீறோம்!"

மெஹரு பேசினாள். பாக்தாதின் பெரிய மதரசாவில் தலைமை ஆசான் ஒருவர். சுல்தான் மதிக்கிற பதவி. ஒருநாள் பாடம் நடத்த நாக்கு எழவில்லை. தான் பேசுவது இறைவனுக்கா, பேருக்கா என்று தன்னையே கேட்டார், பதவியை உதறினார், போர்வையோடு ஊர் ஊராகத் திரிந்தார். வெறும் சடங்காக வறண்டுபோன மார்க்கத்துக்கு உயிர் வந்தது அரண்மனையிலிருந்து அல்ல, அந்தப் போர்வைக்குள்ளிருந்து. அவருக்கு நூற்றைம்பது வருஷம் கழித்து மங்கோலியர் பாக்தாதை எரித்தார்கள். தப்பியவர்கள் வழிமடங்களில் உட்கார்ந்து நெசவாளிக்கும் கொல்லனுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எரித்தவர்களின் பேரன்மாரே அந்த மார்க்கத்துக்கு வந்தார்கள்.

"டமாஸ்கஸ்ல பொம்பளைங்க பள்ளிவாசல்லயே உக்காந்து ஹதீஸ், அதான் நபிமொழி, பாடம் சொன்னாங்க. மார்க்கம் படிச்ச பெரிய ஆலிம்கள் எதிர்ல உக்காந்து எழுதிக்கினாங்க" என்று சொல்லி முடித்தாள்.

பின்வரிசை மீனவர்கள் எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

"டமாஸ்கஸ் வேற, ராயபுரம் வேற" என்றார் முத்தவல்லி. "ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."

மீனவர்கள் ஆறு பேர் தூக்கினார்கள். உப்பளத்துக்காரர்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கூலி யார் கையில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

"ஜனம் ஒத்துக்கல பாய். வாக்கு ஞாபகம் கீதா?"

மெஹரு என்னைப் பார்த்தாள். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"அந்த ஞானி பாக்தாத்த விட்டுப் போறப்போ யாரையும் கை தூக்கச் சொல்லல முதலாளி. நாளைக்கு இவ ஸ்கூலுக்குப் போவா. வாக்கு குடுத்தது நான், ஒடச்சதும் நான். தண்டனை எனக்குப் போடுங்க."

சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தேன். அங்கே நிற்கப் பயந்ததுதான் காரணம்.

திரும்பும்போது 6.50 வண்டி. அதே பரிசோதகர் என்னை அடையாளம் கண்டுகொண்டு தாள்களை நீட்டினார். "இன்னா பாய், மதரசாவ விட்டுப் போனவரு திரும்பி வந்தாரா இல்லியா? எட்டாவது தாளக் காணோமே?"

"வந்தாரு சார்" என்றாள் மெஹரு. "பெரிய எடத்துக்கு இல்ல. சொந்த ஊர்ல, வூட்டுப் பக்கத்துல சின்னப் பள்ளிக்கூடம் வெச்சாரு. தாள நீங்களே வெச்சிக்குங்க. எனக்குத் தெரியும்."

போகிறவர்கள் கவனத்துக்கு: முகத்துவாரத்துக்கு மாலை நாலு மணிக்கு மேல் போங்கள், மணல் சுடாது. குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும், அங்கே கிணறெல்லாம் உப்பு. டிக்கெட்டைத் தனிப் பையில் வையுங்கள்.

மெஹரு இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த நோன்புக்குப் பள்ளிவாசல் ஜமாத் எல்லா வீட்டுக்கும் கொடுத்த கஞ்சி எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. நாங்களே காய்ச்சினோம். உப்பு சரியாக இருந்தது.