விரலுக்குள் இருந்த ஊசிமுனை

"செவ்வாய். ஊசி உடைந்தது. இரண்டு துண்டு ஒட்டியாயிற்று. முனையைக் காணோம்."

ஓர் ஐப்பசியில் என் நாட்குறிப்பில் எழுதிய வரிகள் இவை. அப்போது சூலூர்ப் பக்கம் குழந்தை உடுப்பு தைக்கும் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். உடுப்பில் துணுக்கு எதுவும் தங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடித் தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி. இடது ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு காந்தத்தால் தரையைத் துழாவினேன். பக்கத்து மெஷின்காரர்களும் குனிந்து தேடினார்கள். விரலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வியாழனன்று விரல் வீங்கியது. கோவையில் எடுத்த எக்ஸ்ரேயில், முனை எலும்பை ஒட்டிக் கிடந்தது.

"துணியத் தைக்கச் சொன்னா வெரலத் தைச்சுப்போட்டு வந்திருக்கறீங்க," என்றாள் மனைவி. சிரித்தோம். விரலில் உணர்வு போனால் இனி மெஷினில் உட்கார முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஆபரேஷனுக்காகக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். வளைந்த எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று என் விரலுக்கு மேலும் கீழுமாக நின்றது. சி-ஆர்ம் என்றார்கள். டாக்டரம்மா பெடலை மிதிக்கும்போதெல்லாம் திரையில் என் எலும்பும் அதன் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடும் தெரிந்தன.

"ஏனுங்க, உங்குளுக்கும் பெடல் வேலதானுங்களா?"

"ஆமாங்கண்ணா. உங்க வேகம் நமக்கு வராதுங்க. கைய ஆட்டாதீங்க."

இடுக்கி தொட்டதும் கோடு நழுவியது. மறுபடி மிதித்தார். இன்னும் உள்ளே போயிருந்தது.

"நரம்புக்குப் பக்கத்துல போயிருச்சுங்க," என்றார். இடுக்கியை மறுபடி இறக்கினார்.

மூன்றாவது படத்தில் கோடு இடுக்கியின் வாய்க்குள் இருந்தது. கிண்ணத்தில் 'ணங்' என்று விழுந்தது. கடைசிப் படத்தில் எலும்பு மட்டும்.

"அத எனக்குக் குடுத்துருங்க டாக்டர்."

"எதுக்குங்கண்ணா?"

"ஒட்டோணுமுங்க. இல்லீனா புது ஊசி குடுக்க மாட்டாங்க."

அறையே சிரித்தது.

தையில் வேலைக்குத் திரும்பினேன். நூலின் முடிச்சை விரல் உணர்ந்தது. அன்றைய சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. வரிசை முழுக்க மெஷின் இரைச்சல், பதினோரு மணி டீ, மறைவாக நீட்டப்படும் முறுக்கு. இப்போது அந்தக் கம்பெனி இல்லை. சில காலைகளில் என் காது அந்த இரைச்சலைத் தேடுகிறது.

மூன்று துண்டுகளையும் தாளில் சேர்த்தபோது, புது ஊசியைவிட நீளம் ஒரு நூலளவு குறைந்தது. ஊசி உடைந்த அன்று தைத்த உடுப்புகளையெல்லாம் மெட்டல் டிடெக்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்தச் சோதனையின் பதிவேட்டை நான் பார்க்கவில்லை. அது உண்மைதானா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது.