பிரபுவுக்கு ஓர் ஊர்

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடராசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் விழுந்தபோது, வீட்டில் அவருடைய மகன் பிரபு மட்டும்தான் இருந்தான். மனைவி சாவித்திரி ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பிரபுவுக்கு முப்பத்தாறு வயது. ஆறடி உயரம், எண்பத்தைந்து கிலோ எடை. அறிவு மட்டும் மூன்று வயதோடு நின்றுவிட்டது. அப்பா தரையில் கிடப்பதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் தானும் படுத்துப் பார்த்தான். பசியெடுத்ததும் சமையலறைக்குப் போய்த் தன் தட்டை எடுத்து வந்து, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து தரையில் தட்டத் தொடங்கினான். ஒரு மணி நேரம் தட்டியிருக்கிறான். சாவித்திரி அரிசிப் பையோடு தெருமுனை திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதி நடராசனுக்கு வரவில்லை. விழுந்து கிடந்த நேரம் முழுக்க அவருக்கு நினைவு இருந்தது. கை அசையவில்லை, வாய் திறக்கவில்லை, தட்டுச் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சாவித்திரியும் இல்லாமல் போன பிறகு இதே மாதிரி ஒரு நாள் வந்தால், இவன் எத்தனை நாள் தட்டிக்கொண்டிருப்பான்? அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

நடராசன் பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் லஸ்கராக இருந்தவர். பாபநாசம் பக்கம் குடமுருட்டியிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்புகளில் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. மேல்மடைக்காரர்கள் அரிவாளோடு வந்து நின்றாலும், கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீரைத் திருப்பிவிடாத மனிதர். இப்போது பென்ஷன் வருகிறது. அப்பா வழியில் வந்த நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சம் நஞ்சையும், தானே கட்டிய ஓட்டுவீடும் இருந்தன. மகள் கலைமகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். “தம்பிய நான் பாத்துக்கிறேம்பா” என்று அவள் போனில் சொன்னாள். சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அடுத்த அறையில் அவள் புருஷன் இருக்கிறான் என்பது நடராசனுக்குப் புரிந்தது.

உடம்பு கொஞ்சம் தேறியதும், பிரபுவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தேட ஆரம்பித்தார். தஞ்சாவூரில் கேட்டார், திருச்சியில் கேட்டார். சில இடங்களில் பதினெட்டு வயதுக்கு மேல் எடுப்பதில்லை. சில இடங்களில் ஆண்களை எடுப்பதில்லை. ஓரிடத்தில் பெயரை எழுதிக்கொண்டு, முன்னால் நூற்றுப்பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்றார்கள். கடைசியில் வழி சொன்னவர் கூத்தாநல்லூர் ஆஸிம். பிரபுவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க முகாமுக்குப் போன காலத்திலிருந்து பழக்கம். அவருடைய மகளும் பிரபுவைப் போலத்தான்.

“ரெண்டு இடம் இருக்குண்ணே. ஒண்ணு கேரளாவுல, பாலக்காட்டுக்குக் கிட்ட. இன்னொண்ணு கர்நாடகாவுல, நஞ்சன்கூடு பக்கம். ரெண்டுலயும் தாய் தகப்பனும் கூடவே போயி இருந்துக்கலாம். நாம கண்ணை மூடுனதுக்கு அப்புறமும் புள்ளைய வச்சிப் பாத்துப்பாங்க” என்றார் ஆஸிம்.

“நீங்க ஏன் தம்பி போகலை?”

“எனக்கு ரெண்டுக்குமே வக்கில்லண்ணே.”

கர்நாடகத்தில் பன்னிரண்டு லட்சம் முன்பணம். நிலத்தை விற்றால் போதும், வீடு தப்பித்துவிடும். கேரளத்தில் இருபத்தாறு லட்சம். நிலம், வீடு இரண்டும் போய்விடும். அதற்குப் பிறகு திரும்பி வந்து நிற்க ஊரில் ஓரடி மண்கூட இருக்காது. இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று புரட்டாசியில் பிரபுவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

முதலில் மைசூர் ரயில் பிடித்து நஞ்சன்கூடு போனார்கள். இடம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. சுத்தமான கூடம், சுற்றிலும் வாழைத் தோப்பு, பெற்றோருக்கு வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். நடத்துகிற டாக்டரம்மாவுக்கு ஓரளவு தமிழ் வந்தது, நல்ல மாதிரியாகப் பேசினார். சாவித்திரிக்கு மனம் லேசாகிவிட்டது. மத்தியானம் பிரபுவுக்குத் தாகமெடுத்தது. தண்ணீரை அவன் ‘ண்ணி’ என்பான். அவனிடம் இருப்பதே நாற்பது ஐம்பது சொல்தான், அத்தனையும் அரைகுறைத் தமிழ். “ண்ணி” என்று கேட்டான். கவனித்துக்கொள்கிறவர் சிரித்துக்கொண்டே ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். கன்னடத்தில் பழத்துக்கு ‘ஹண்ணு’ என்று பெயராம். பிரபு பழத்தைத் தின்றுவிட்டு மறுபடியும் “ண்ணி” என்றான். இன்னொரு பழம் வந்தது. மூன்றாவது பழத்தை வீசியெறிந்துவிட்டுச் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான். நடராசன் ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தபோது, அழுதுகொண்டே குடித்தான்.

“பழகிடும். ஆறு மாசத்துல நம்ம பேச்சு புரிஞ்சிடும்” என்றார் டாக்டரம்மா.

நடராசன் தலையாட்டினார். அந்த ஐம்பது சொல்லைக் கற்றுக்கொடுக்க அவருக்கும் சாவித்திரிக்கும் முப்பது வருஷம் ஆகியிருந்தது.

பத்து நாள் கழித்துப் பாலக்காட்டுக்குப் போனார்கள். பனைமரங்களும் வயலுமாக இருந்தது ஊர். நஞ்சன்கூட்டில் இருந்த பளபளப்பு இங்கே இல்லை. கட்டடம் பழசு, சுவரில் பாசி. ஆனால் அந்தப் பக்கத்தில் பலர் வீட்டிலேயே தமிழ் பேசுகிறவர்கள். அங்கே பொறுப்பில் இருந்த சேக் தாவூது, தன் மகளுக்காக இருபது வருஷத்துக்கு முன் வேறு சில பெற்றோர்களோடு சேர்ந்து அந்த இடத்தை உண்டாக்கியவர். பிரபு “ண்ணி” என்றதும் சமையல்காரப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு டம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு அவன் பாட்டுக்குக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

“பணம் ஜாஸ்தின்னு தெரியும்” என்றார் சேக் தாவூது. “அவன் எழுபது வயசு இருந்தாலும் இருப்பானில்லையா, அதுக்குச் சேத்துத்தான் இப்பவே வாங்கறோம். ஆண்கள் பக்கம் ஒரே ஒரு இடம்தான் காலியா இருக்கு. ஐப்பசி கடைசி வரைக்கும் வச்சிருக்கேன்.”

ஊருக்குத் திரும்பியதிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் இதே பேச்சு.

“கேரளாவுக்கே போயிடலாம், சாவித்திரி. அங்க அவன் பேச்சு புரியுது.”

“வீட்டையும் வித்துட்டுப் போறோம். நாளைக்கு அவன் அங்க ஒத்துக்கலை, கொண்டுபோங்கன்னு சொல்லிட்டாங்கன்னா? இவனைக் கூட்டிக்கிட்டு எந்தத் தெருவுலங்க போயி நிக்கிறது? நஞ்சன்கூடுன்னா வீடாவது மிஞ்சும்.”

“வீடு மிஞ்சி என்ன பண்றது? நாம போனப்புறம் யாரு இருக்கப் போறா இதுல?”

“அத்தனை வருஷம் வாடகை வீட்ல குடியிருந்து, ஒரு ஓடு ஒரு ஓடாப் பாத்துக் கட்டுனது நானு. உங்களுக்கு ஷட்டரும் வாய்க்காலும்தான் தெரியும்.”

அவள் சொன்னதிலும் தப்பில்லை. இதற்கிடையில் பிரபுவுக்கு வலிப்பு இரண்டு முறை வந்தது. இரண்டாம் முறை அவனைப் பிடிக்கப் போய்ச் சாவித்திரியின் மணிக்கட்டு முறிந்தது. அவளுக்குக் கட்டுப் போட்டிருந்ததால் பிரபுவைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாமே நடராசன் தலையில் விழுந்தது. கனம் தூக்கக்கூடாது என்று அவருக்கு டாக்டர் சொல்லியிருந்தார். ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்கும் மகனைத் தூக்க முடியாமல் அவரும் கூடவே ஈரத் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

ஐப்பசி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு நாள் பகல் மூன்று மணிக்கு நடராசன் பிரபுவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று சாவித்திரி கேட்டதற்கு, சும்மா காத்தாட என்றார். கால்கள் தாமாகவே அவர் வேலை பார்த்த தலைப்புக்கு நடந்தன. ஆறு கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. பிரபுவுக்குத் தண்ணீரைப் பார்த்தால் உற்சாகம். அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு குதித்தான். மதகின் மேல் நின்றபோது நடராசனுக்கு ஒரு எண்ணம் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாகப் போய்விட்டால் எந்த ஊரென்று தேட வேண்டியதில்லை. சாவித்திரியாவது மகள் வீட்டில் கொஞ்ச காலம் படுத்துத் தூங்குவாள். எண்ணம் வந்துபோனதாகக்கூட இல்லை, வந்து நின்றது. அவர் கை பிரபுவின் கையைத் தேடிப் பிடித்தது.

அந்த நேரத்தில் கரைமேல் சைக்கிளில் வந்த காத்தான், “என்னங்கய்யா, பழைய இடத்தைப் பாக்க வந்துட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினான். அவர் வேலையில் இருந்த காலத்தில் மதகுப் பக்கம் மண் வெட்டிக் கரை கட்டியவன். நடராசன் பிரபுவின் கையை விடாமல் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் மூச்சுக்காக நின்றார். கையை மட்டும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து சாவித்திரியின் முன்னால் உட்கார்ந்தார். மறைக்க நினைத்தும் முடியவில்லை.

“தலைப்புக்குப் போயிருந்தேன். தம்பியக் கூட்டிக்கிட்டு” என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு அவர் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. கட்டுப் போட்ட கையாலேயே அவர் தோளில் அடித்தாள். வலியில் கத்தினாள், மறுபடியும் அடித்தாள். அழுது ஓய்ந்த பிறகு, “எனக்கும் வந்துச்சுங்க அந்த நெனப்பு. ரெண்டு தடவை” என்றாள். பிரபு பசிக்கிறதென்று அம்மாவின் முந்தானையை இழுத்தான்.

சோறு ஊட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “வித்துடுங்க. எல்லாத்தையும் வித்துடுங்க. இந்த வீட்ல இருந்தா நம்மள நம்மளாலயே நம்ப முடியாது.”

அன்றைக்கே நடராசன் சேக் தாவூதுக்குப் போன் செய்தார். நிலத்தையும் வீட்டையும் துரைராசு என்ற உறவுக்காரர் வாங்கிக்கொண்டார். அவசரம் தெரிந்து அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார். நடராசன் பேரம் பேசவில்லை. கலைமகள் புருஷனுக்குத் தெரியாமல் ஒரு சங்கிலியை அடகு வைத்து மீதியைத் தந்தாள். கார்த்திகை பிறந்த ஒரு வாரத்தில், மூன்று பேரும் ஐந்து மூட்டையோடு பாலக்காடு போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு விதி இருந்தது. முதல் நாற்பத்தைந்து நாள் பெற்றோர் பிள்ளையைப் பார்க்கக்கூடாது. அவர்களுக்குக் கொடுத்த அறைக்கும் பிரபு இருந்த கூடத்துக்கும் நடுவே முந்நூறு அடிகூட இருக்காது. சாயங்காலம் ஐந்து மணியானால் பிரபு “ம்மா” என்று கத்துவான். அரை மணி, ஒரு மணி என்று கத்துவான். சாவித்திரி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் தாங்க முடியாமல் முற்றம் வரை போய்விட்டாள். சேக் தாவூது குறுக்கே வந்து நின்றார்.

“அம்மா, போகாதீங்க. என் மகளும் இப்படித்தான் கத்துனா. நீங்க போனா இத்தனை நாளும் வீணு. நீங்க இல்லாம அவன் இருக்கப் பழகத்தானே கொண்டாந்தீங்க?”

அவள் திரும்பி வந்தாள்.

முப்பத்தொன்றாம் நாள் சாயங்காலம் சத்தம் கேட்கவில்லை. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. வலிப்பு வந்து மயங்கிக் கிடக்கிறானோ என்று பயந்து நடராசன் சேக் தாவூதைத் தேடிப் போனார்.

“சாப்பிட்டுட்டு கேரம் காயை அடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கான். உங்களைத் தேடலை” என்றார் அவர், சந்தோஷமாக.

நடராசன் வந்து சாவித்திரியிடம் அப்படியே சொன்னார். அவள் உள்ளே போய், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாற்பத்தாறாம் நாள் போய்ப் பார்த்தார்கள். பிரபு கொஞ்சம் இளைத்திருந்தான். யாரோ அவனுக்கு வகிடெடுத்துத் தலைவாரிவிட்டிருந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தான், அப்பாவின் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவினான். சிரித்தான். சாப்பாட்டு மணி அடித்தது. அவன் எழுந்தான். மற்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக நின்றார்கள். அவனும் போய்க் கடைசியில் நின்று, முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டான். வரிசை நகர்ந்தது.

திரும்பிப் பார்க்கிறானா என்று இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை.